ஒட்டத் தெரியாத மென்பொருள்

இல்லை, கணினி பழுதாகவில்லை. நீ அனுப்பியபடியே இருக்கிறது, சேணப் பையில் ரொட்டியோடு ரொட்டியாக என்னோடு வந்துபோகிறது. மாடும் மனிதரும் சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உனக்கு மாடு இல்லை. மனிதர் உண்டா என்று தெரியவில்லை. நீயாவது சுகமாக இரு, பெகாயிம். இங்கே ஆடுகள் கொழுத்திருக்கின்றன, மேய்ச்சலுக்கு ஏறி வந்ததும் உன் அப்பாவின் முழங்கால் வலி குறைந்தது, மருமகள் மீரிமுக்குப் பால் நன்றாகச் சுரக்கிறது, குழந்தை உன் தம்பி உலானைப் போலவே தூக்கத்தில் முகம் சுளிக்கிறது. முகட்டில் ஏறினால் சிக்னல் கிடைக்கும், அங்கே நின்று உன்னோடு பேசியிருக்கலாம். போனில் நீ அழுவாய். நான் சரி சரி என்று சொல்லிவிட்டு இறங்கி வருவேன். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

நீ இரண்டு கேள்வி அனுப்பியிருந்தாய். இந்தச் சின்னக் கணினிக்கு, படம் திருத்த எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன் என்பது ஒன்று. குழந்தையின் தொட்டில் விருந்துக்கு மாஸ்கோவிலிருந்து வர விடுப்புக் கிடைக்காது, அன்று எடுக்கும் குடும்பப் படத்தில் உன்னை ஒட்டிவிட முடியுமா என்பது மற்றது. உனக்கு அவை இரண்டு. எனக்கு ஒன்றேதான்.

நீ ஏற்றி அனுப்பிய பெரிய மென்பொருளில்தான் ஆரம்பித்தேன். அது திறப்பதற்குள் ஒரு குதிரையைக் கறந்துவிடலாம். திறந்தபின் திரையில் பாதிக்குக் கருவிகள், மீதியில் யாரோ ஒருவரின் மூக்கு. அழுத்த வேண்டிய பொத்தான் திரைக்குக் கீழே, கண்ணுக்கு எட்டாத இடத்தில். ஒரு படத்தைத் திறந்தால் நகராது, இரண்டைத் திறந்தால் தானே மூடிக்கொள்ளும். அடிப்பாகம் கொதிக்கும். அப்பா அதன் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “ஏய் சாய்ரா, உன் மக அனுப்புனது கணினியா அடுப்பா? கெட்டிலத் தூக்கி இது மேல வையி” என்றார். பகலெல்லாம் சோலார் தகடு சேர்த்துவைத்த மின்சாரத்தை ஒரே முகத்துக்குக் குடித்துத் தீர்த்தது. கோடை முழுக்கக் கூடாரம் கூடாரமாகப் போய்ப் படம் எடுப்பவள் நான், சாயங்காலத்துக்குள் அச்சடித்துக் கொடுத்தாக வேண்டும், மறுநாள் அவர்கள் மந்தையோடு எங்கே இருப்பார்களோ. ஏரிக்கு அந்தப்பக்கத்துப் பெண்கள், “என்னக்கா, எங்க படம் வெந்துச்சா, இன்னும் கொதிக்குதா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். உலான் இணையத்திலேயே திருத்தும் ஒன்றைச் சொன்னான். இணையம் முகட்டில் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் நான் குதிரையேற வேண்டும். கடைசியில் இலவசமாகக் கிடைக்கும் சின்னது ஒன்றைப் போட்டேன். கண் இமைப்பதற்குள் திறக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டும், நிறத்தைச் சரிசெய்யும், சாய்ந்ததை நிமிர்த்தும், அச்சுக்கு ஏற்ற அளவில் சுருக்கும். பெரிய கோப்புகளை அப்படியே திறக்காமல் முதலில் சிறிய நகலாக்கிக்கொண்டால் திணறுவதுமில்லை. ஒரு படத்திலிருந்து ஆளை வெட்டி இன்னொரு படத்தில் வைக்க மட்டும் அதற்குத் தெரியாது.

இதோடு நிறுத்தியிருந்தால் நீ கணினியின் மேல் பழி போட்டிருப்பாய். வேறு பெரியதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்பாய். அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

போன குளிர்காலத்தில் உலானின் திருமணப் படத்தில் உன்னை ஒட்டினேன். வீட்டிலுள்ள பெரிய கணினியில். நீ அனுப்பியது வேலை அடையாள அட்டைக்கு எடுத்த படம். மற்றவர்கள் மேல் பனியின் வெளிச்சம், பக்கவாட்டில். உன் மேல் ஃபிளாஷ், நேராக. எல்லோரும் சிரிக்கிறார்கள், நீ மட்டும் யாரோ ஓர் அதிகாரிக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கிறாய். உனக்குப் பிடித்திருந்தது. அப்பாவுக்கும்தான், இங்கே ஏறி வரும்போது துணியில் சுற்றி எடுத்துவந்து கூடாரத்துச் சட்டத்தில் மாட்டினார்.

தொலைந்துபோன தன் குதிரையைத் தேடிக்கொண்டு பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து கல்மம்பெத் என்று ஒரு பெரியவர் வந்தார். நம்மை அவருக்குத் தெரியாது. உட்காரவைத்துக் குதிரைப்பால் கொடுத்தோம். குடித்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்த்தார். உன்னிடம் வந்ததும் கண் நின்றது. ஒட்டியதா என்று கேட்டார், ஆமாம் என்றேன். “எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கும்மா. என் தம்பி. இப்படித்தான் ஓரமா நின்னு முழிச்சுக்கிட்டிருப்பான்” என்றவர், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிரார்த்தனைக்கு இரு கைகளையும் ஏந்தினார். “புள்ள படுத்திருக்கிற மண்ணு பட்டு மாதிரி மெத்துன்னு இருக்கட்டும்” என்றார். பெரியவர் ஒருவர் கையேந்தினால் கூடாரத்திலுள்ள எல்லார் கையும் எழும். யாருக்காக என்று கேட்டுவிட்டா ஏந்துகிறோம். உலான் ஏந்தினான். மீரிம் குழந்தையை மடியில் சாய்த்துவிட்டு ஏந்தினாள். அப்பா ஏந்தினார். நானும். எல்லோரும் முகத்தைத் தடவி முடித்தோம். அப்புறம்தான் உறைத்தது.

உலான் கத்தினான், “தாத்தா, எங்க அக்கா உயிரோட இருக்கா, மாஸ்கோவுல வேலை பாக்குறா.” பெரியவர் சுருங்கிப்போனார். “என் நாக்குல மண்ணு விழ. மன்னிச்சுக்குங்க. உயிரோட இருக்கிற புள்ளைய எதுக்குப்பா ஒட்டிவச்சிருக்கீங்க?” ஏந்திய கையைத் திரும்பப் பெறுவதற்கு நம்மிடம் வழக்கம் எதுவும் இல்லை. அப்பா அன்று ஆடுகளை மட்டும் அதட்டினார், மனிதரோடு பேசவில்லை.

கோபமா என்று கேட்பாய். ஆமாம். ஊரில் என்னிடம் ஒட்டுவேலைக்கு வருபவர்களில் பாதிப்பேர் செத்தவர் படத்தோடு வருகிறார்கள், பாதிப்பேர் உன்னைப் போன்றவர்களின் படத்தோடு. வேலை ஒன்றுதான். திருமணத்துக்கும் விடுப்புக் கிடைக்கவில்லை என்றாய். வசந்தத்தில் கடலுக்குப் போகக் கிடைத்தது. அந்தப் படங்களை நீயே அனுப்பினாய். அவற்றில் உன் நிழல் சரியாகத்தான் விழுந்திருந்தது. நான் படம் பார்க்கத் தெரிந்தவள், பெகாயிம். காலியிடம் இருந்தால் யாராவது கேட்பார்கள், மகள் எங்கே என்று. நான் சொல்லவேண்டியிருக்கும், வரவில்லை என்று. அந்தச் சொல்லை என் வாயிலிருந்து எடுத்துவிடத்தான் உன்னை ஒட்டச் சொல்கிறாய். மாட்டேன். வந்தால் படத்தில் இருப்பாய். வராவிட்டால் இருக்க மாட்டாய்.

மந்தை கீழே இறங்கியதும் விருந்து. உன் பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டதா என்று இப்போதே பார், பிறகு அதைக் காரணமாகச் சொல்லாதே. வெறும் தேநீரோடு வேலைக்குப் போகாதே. இந்தக் குளிருக்காவது நல்ல பூட்ஸ் வாங்கு. உன் தலை நோகாமல் இருக்கட்டும், உன் பாதை தடையற்று வெள்ளையாக இருக்கட்டும், அது எந்தப் பக்கம் போனாலும்.

உன் அம்மா,
சாய்ரா
சோங்குல் ஏரிக்கரை

கையெழுத்துப் போட்டபின் எழுதுவது: பெரிய மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டேன். சட்டத்திலிருந்து திருமணப் படத்தை இறக்கி, நீ இல்லாத அசலை அச்சடித்து மாட்டினேன். அப்பா பார்த்துவிட்டு ஆடுகளை ஓட்டப் போனார். இனி குதிரைகளைக் கறக்கப் போகிறேன்.