வாசலை மறைத்து நிற்கும் வேன்

வாப்பா, இதை நீங்கள் யாரிடமும் காட்டிவிடக் கூடாது. அங்கே உங்களுக்குப் பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வாப்பா இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களிடமும் வேண்டாம். பெரிய வாப்பாவின் கனவில் வந்து அவர்கள் சொல்லிவிட்டால் எங்கள் கதி அவ்வளவுதான். படித்துவிட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உம்மா தூங்குகிறாள். நான் அடுக்களையில் சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பென்சில் பிடித்த கை முகத்துக்கு அருகில் வரும்போதெல்லாம் அந்த வாடை வருகிறது. மண்ணெண்ணெய், பழைய எண்ணெய்க் கசடு, அதற்கு அடியில் லேசாகச் சீரகம். பார் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், புளியும் போட்டுப் பார்த்தேன். போகவில்லை. சீரகத்தை விட்டுவிட்டால் இது உங்கள் வாடை. வண்டி வேலை பார்த்த நாட்களில் மட்டும் நீங்கள் கரண்டியால் சோறு தின்பீர்கள். "துரைக்கு இன்னைக்கு ஸ்பூன் வேணுமோ?" என்று உம்மா கேட்பாள். நீங்கள் கரண்டியைத் தூக்கி சலாம் வைப்பீர்கள்.

எஞ்சினை ஏற்றிவிட்டோம், வாப்பா. நீங்கள் கழற்றி வைத்துவிட்டுப் போன எஞ்சின் இப்போது வேனுக்குள் இருக்கிறது. உங்கள் பிள்ளை, என் காக்காதான் ஏற்றினான் என்று எல்லோரிடமும் சொல்லப்போகிறோம். அது பொய். உம்மாவும் நானும் பொன்னுத்தாய் அத்தையும் ஏற்றினோம். அதனால்தான் யாரிடமும் காட்டாதீர்கள் என்கிறேன்.

அந்த வேனை நீங்கள் முதன்முதலாக நம் கல்லிச் சந்துக்குள் கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் முன்பக்கம் போய் நின்று தேடினார்கள். முன்னால் திறப்பதற்கு ஒன்றுமே இல்லை. மூக்கை அறுத்தது போல மொட்டையாக இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த பொன்னுத்தாய் அத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணாச்சி, அவசரத்துல எஞ்சினை அங்ஙனயே விட்டுட்டு வந்துட்டியளா?" என்று கேட்டாள். நீங்கள் அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய் மூடியைத் திறந்து காட்டினீர்கள். "இந்தா இருக்கு பாருங்க. இது முன்னால இழுக்காது, பின்னால நின்னு தள்ளும்." அத்தை உடனே, "எங்க வீட்டு ஆம்பளைய மாதிரி இல்ல. அவரு முன்னாலயும் இழுக்க மாட்டாரு, பின்னாலயும் தள்ள மாட்டாரு" என்றாள். கல்லியே சிரித்தது.

அந்த வண்டியில்தான் பட்டறைகளில் தைத்த தோல் பைகளை நீங்கள் தாதருக்குக் கொண்டுபோனீர்கள். கல்யாண நாட்களில் பாண்டுப் வரைக்கும் பிரியாணி தேக்சா அண்டாக்கள் போகும். பிறகு சயான் மேட்டில் பாரத்தோடு ஏறும்போது எஞ்சின் கத்தியது, சக்கரம் நகரவில்லை. கிளட்சுத் தட்டு தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கினால்தான் மாற்ற முடியும் என்றீர்கள். வாசலிலேயே இறக்கினீர்கள். வெளியே போட்டால் காலையில் இருக்காது என்று நாலு பேர் தூக்கி வீட்டுக்குள் வைத்தார்கள்.

அன்றைக்கு உம்மா போட்ட சண்டையை நினைத்துப் பார்க்கிறேன். கழற்றிய திருகாணிகளை நீங்கள் அவளுடைய அடுக்களை டப்பாக்களில் போட்டுக்கொண்டே வந்தீர்கள். மல்லி டப்பாவில் சில, சோம்பு டப்பாவில் சில. "நாளைக்குக் கொழம்புல நட்டு கெடந்தா எங்கிட்ட கேக்கக் கூடாது" என்று அவள் கத்தினாள். "கெடந்தா தின்னுட்டுப் போறோம். இரும்பு ஒடம்புக்கு நல்லதுதான்" என்றீர்கள். எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் மேலே இரண்டு நட்டுகள் இருக்கின்றனவே, அங்கே உங்கள் கை நுழையவில்லை. என் கையை விடச் சொன்னீர்கள். ஒன்றும் தெரியவில்லை என்று அழுதேன். "கண்ணுக்கு அங்க வேலையில்ல. வெரல் பாத்துக்கும்" என்றீர்கள். அந்த இரண்டும் சீரக டப்பாவுக்குப் போயின.

புதுத் தட்டை நீங்களே பொருத்திவிட்டீர்கள். ஏற்றுவதுதான் பாக்கி. அதற்குள் தாதர் மார்க்கெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். உங்களைக் கொண்டுவந்து கிடத்தியபோது எஞ்சினை நகர்த்த யாருக்கும் தோன்றவில்லை. அதன் மேல் ஒரு பெட்சீட்டைப் போட்டு மூடினார்கள். பாண்டுப்பிலிருந்து வந்த மாமி அதைப் பெட்டி என்று நினைத்து அதன் மேல் உட்கார்ந்து அழுதாள். எழுந்தபோது சேலையெல்லாம் கறுப்பு. அந்த நேரத்திலும் எனக்கு உங்கள் பக்கம் திரும்பிச் சிரிக்கத் தோன்றியது. திரும்பினேன். அப்புறம்தான் முழுதாகப் புரிந்தது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த பிறகு பெரிய வாப்பா அடுக்களைத் திரைக்கு வெளியே வந்து நின்றார். உம்மா நாலு மாதம் பத்து நாள் வீடு தாண்டாத இத்தாவில் இருப்பதால் அவர் உள்ளே வரக் கூடாது, உம்மா முகம் காட்டக் கூடாது. திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நான் பேச்சைச் சுமந்தேன். இத்தா முடிந்ததும் எங்களை ஊருக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். எனக்குப் படிப்பு போதும், அங்கே போய் ஓலைப் பெட்டி முடையப் பழகட்டும் என்றார். காக்கா அவருடைய பட்டறையில் இருந்துகொள்ளலாம். வண்டியைக் குர்லாவில் பழைய இரும்புக்காரரிடம் பேசி முடித்தாகிவிட்டது, சனிக்கிழமை விடிகாலை பாங்கு சொன்னதும் ஆள் வரும்.

"வண்டி ஓடுனா பையன் ஓட்டுவான், நாங்க இங்ஙனயே இருந்துக்கிடுவோம்னு சொல்லு" என்றாள் உம்மா.

சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே கேட்டிருந்தது.

"ஓடுற வண்டின்னா நான் கை வைப்பேனா? என் தம்பி வண்டிம்மா அது" என்றார். குரல் உடைந்துவிட்டது. "எஞ்சின் வீட்டுக்குள்ள கெடக்கு, வண்டி வெளிய கெடக்கு. நடுவுல உங்க உம்மா இத்தாவுல இருக்கா. எந்த மெக்கானிக்க நான் உள்ள விடுவேன், சொல்லு."

அவர் கெட்டவர் இல்லை, வாப்பா. அதுதான் எனக்குப் பயம். கெட்டவராக இருந்தால் கோபப்பட்டுக்கொண்டாவது இருக்கலாம்.

யோசனை உம்மாவுடையது. மெக்கானிக் உள்ளே வர முடியாது, அவளும் வெளியே போக முடியாது. வண்டியையே வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டால்? வியாழக்கிழமை சாயங்காலம் காக்காவும் கூட்டாளிகளும் வண்டியைத் தள்ளி அதன் பின்பக்கத்தை நம் வாசல் நிலையோடு ஒட்ட நிறுத்தினார்கள். குர்லாக்காரருக்காகக் கழுவி வைக்கப்போகிறேன் என்று அவன் கூட்டாளிகளிடம் சொன்னான். ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி மரக்கட்டை அடுக்கி, கியரையும் போட்டு வைத்தான். வாசல் முழுக்க வேன். கல்லியிலிருந்து பார்த்தால் வீட்டுக்குள் ஒரு பொட்டுக்கூடத் தெரியாது. "இதை விடப் பெரிய திரை யாரு கட்டுவா?" என்றாள் உம்மா. நாங்கள் போக வர அடுக்களைப் பக்கத்துச் சின்னக் கதவு இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மதியம் காக்கா ஜும்ஆ தொழுகைக்குப் போயே ஆகவேண்டும். பள்ளிவாசலில் பெரிய வாப்பா அவனைத் தன் பக்கத்தில்தான் நிறுத்திக்கொள்வார். அதனால் அவன் இல்லாமல்தான் செய்ய வேண்டும். கல்லியில் ஆண்கள் ஒருவரும் இல்லாத நேரமும் அதுதான். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பாங்கு கேட்டதும் பொன்னுத்தாய் அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள்.

"எம்மாடி, நாலு ஆம்பளைய தூக்குனத மூணு பொம்பளைய தூக்கணுமாக்கும்?"

"தூக்க வேண்டாம். இழுப்போம்" என்றாள் உம்மா.

பலகை போட்டு, பலகையில் எண்ணெய் தடவி, எஞ்சினை அதன் மேல் நகர்த்தி வண்டிக்கு அடியில் விட்டோம். பலகைக்கு அடியில் ஜாக்கியை வைத்து நான் சுழற்றினேன். எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. உயரம் சரிதான், ஆனால் உள்ளே போகவில்லை. கியர் பெட்டியிலிருந்து வரும் பல்லு வைத்த தண்டு, புதுத் தட்டின் நடுவில் இருக்கும் பல்லுக்குள் போய் உட்கார வேண்டும். ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. அத்தை தோளைக் கொடுத்து முட்டினாள். "முட்டாதீங்க!" என்று உம்மா கத்தினாள். "அவுக சொல்லுவாக, தள்ளாத, ஆட்டிக் குடு, ஆட்டிக் குடுன்னு."

உங்களுக்கு எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான், வாப்பா. ஊசியில் நூல் போகாவிட்டாலும், பெட்டிப் பூட்டுத் திறக்காவிட்டாலும், லோக்கல் ரயிலில் கூட்டத்துக்குள் நுழையும்போதும். உம்மா நிலைக்கு உள்ளே இருந்தபடியே கையை நீட்டிப் பின்சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள்; கியர் போட்டிருந்ததால் உள்ளே தண்டும் அதோடு திரும்பியது. அத்தை எஞ்சினைத் தொட்டிலை ஆட்டுவது போல ஆட்டினாள். பள்ளிவாசலில் குத்பா பிரசங்கம் முடிந்து தொழுகைக்கு இகாமத் சொல்லும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆண்கள் திரும்பிவிடுவார்கள். அப்போது 'சளக்' என்று ஒரு சத்தம். இடைவெளி இல்லை.

சோம்பு டப்பாவிலிருந்து எடுத்துக் கீழ் நட்டுகளைப் போட்டோம். மேல் நட்டுகளுக்குச் சீரக டப்பாவைத் திறந்தால் அதில் வெறும் சீரகம்தான் இருந்தது.

உம்மா தரையில் கொட்டிப் பார்த்தாள். எல்லா டப்பாவையும் கொட்டினாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் போன அன்றுகூட அவள் முகம் அப்படி இருக்கவில்லை.

பொன்னுத்தாய் அத்தை மெதுவாகக் கேட்டாள். "சீரகத்துக்குள்ள ரெண்டு இரும்பு கெடந்துச்சே, அதையா தேடுதிய?"

உம்மா நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி மௌத்தான அன்னைக்கு உங்க வீட்டுல அடுப்பு மூட்டப்படாதுன்னு கஞ்சி காய்ச்ச டப்பாவ எடுத்துட்டுப் போனேம்லா? உள்ள ரெண்டு இரும்பு. ஏதோ ஓதி வச்சிருக்கிய, தொலைச்சுரப்படாதுன்னு மஞ்சத் துணில முடிஞ்சு எங்க சாமி படத்துகிட்ட வச்சேன். தெனம் வெளக்கு காட்டுதேன்."

"ஓதி வச்சதா?" என்றாள் உம்மா. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து நான் பார்ப்பது அப்போதுதான். அத்தை ஓடிப்போய் எடுத்து வந்தாள். மறை இடுக்கிலெல்லாம் குங்குமம். மண்ணெண்ணெயில் கழுவினோம், முழுதும் போகவில்லை. அப்படியே கையை உள்ளே விட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். முதல் நட்டு இரண்டு தடவை விரலிலிருந்து நழுவி, மூன்றாவது தடவை மறை பிடித்தது.

இரண்டாவதை முறுக்கிக்கொண்டிருந்தபோது அடுக்களைத் திரைக்கு வெளியே இருமல் கேட்டது. தொழுதுவிட்டுப் பெரிய வாப்பா நேரே வந்துவிட்டார். "மைமூன், கொஞ்சம் தண்ணி கொடும்மா."

முந்தானையால் கையை மூடிக்கொண்டு செம்பை நீட்டினேன். அவர் குடித்தார். "என்ன, மண்ணெண்ண வாடையா வருது?"

"அடுப்பு, பெரிய வாப்பா."

"பாத்து. தீ கீ பிடிச்சிரப்போவுது" என்றார். போகாமல் நின்றார். "படிச்சது போதும்னு சொன்னது ஒம் மேல கோவத்துல இல்லம்மா. ரெண்டு வீட்ட இழுக்க எனக்குத் தெம்பில்ல." செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது என் நகங்களைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்தது போலவும் இருந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

காக்கா வந்து பெட்ரோல் குழாயையும் வயர்களையும் மாட்டினான். கீழ் நட்டுகளை இறுக்கிப் பார்த்துச் சரி என்றான். மேலே இரண்டுக்கும் அவன் கை போகவில்லை. அவை சரியாக இருக்கின்றனவா என்று உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியவில்லை, வாப்பா. இறுகிவிட்டது என்று நினைத்தபோதுதான் பெரிய வாப்பா இருமினார். அதற்குப் பிறகு முறுக்கினேனா? முறுக்கினேன் என்றுதான் நினைக்கிறேன்.

இன்னும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவில்லை. பாட்டரி செத்துக் கிடந்தது. காக்கா அதை மாதுங்கா லேபர் கேம்ப்பில் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டு அங்கேயே காத்திருக்கிறான். பாங்குக்கு முன்னால் வந்துவிடுவேன் என்றான். முதல் லோக்கல் போய்விட்டது, பாங்கும் சொல்லியாகிவிட்டது. அவனைக் காணவில்லை.

இத்தாவில் இருக்கிறவள் இப்படிச் செய்யலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். "நான் வாசப்படி தாண்டலியே" என்றாள். உங்களுக்குக் கோபமா? கோபம் என்றால் என் மேல் படுங்கள், அவள் மேல் வேண்டாம். எஞ்சின் இருந்த இடத்தில் தரை கறுத்து ஈரமாக இருக்கிறது. நேற்றுவரை அது அங்கே இருந்ததால், நீங்கள் பாதியில் எழுந்து எங்கோ போயிருக்கிறீர்கள், வந்து முடிப்பீர்கள் என்று எனக்குள் ஒன்று நினைத்துக்கொண்டே இருந்தது. இப்போது நீங்கள் வந்து செய்வதற்கு இந்த வீட்டில் வேலை ஒன்றும் இல்லை. உம்மா அந்தக் கறுப்பின் மேல்தான் பாயை விரித்துப் படுத்திருக்கிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் இந்த இரண்டு விரல்களும் தானாகவே சுழல்கின்றன, மறை தேடுகின்றன. இனி எவ்வளவு நாளைக்கு இப்படி இருக்குமோ. போகாமல் இருந்தாலும் பரவாயில்லை என்று

தட்டுகிறார்கள். அடுக்களைக் கதவில் இல்லை, வேனின் தகரத்தில். காக்கா என்றால் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். பெரிய வாப்பாவின் இருமல். கூட வேறு ஓர் ஆள், "காலி டப்பா ஹை நா?" என்று கேட்கிறான், எஞ்சின் இல்லாத வெறும் கூடுதானே என்று. கைவண்டிச் சத்தமும் கேட்கிறது.

உம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்க்கிறாள். வெளியே போய் என்ன சொல்ல வேண்டும் என்று இந்தத் தடவை அவள் சொல்லித் தரவில்லை. காலி டப்பா இல்லை என்று நானே போய்ச் சொல்