பலகையில் குத்திய அசோகா

காலையில், வேலை தொடங்குமுன் மாதிரிகளைக் குத்தி வைக்கும் நம் மூட் போர்டைத் துடைக்கலாம் என்று கீழே இறக்கினேன். மூலையில் அந்த நெய்க்கறை அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உன் முக்காட்டு ஊசி ஒன்று, முத்துத் தலை வைத்தது. மேசை நிறையக் குண்டூசி கிடந்தாலும் நீ தலையிலிருந்துதான் உருவிக் குத்துவாய். பிறகு முக்காடு நழுவுகிறது என்று என்னைத் திட்டுவாய். நினைத்ததும் சிரித்துவிட்டேன். நீ கண்மூடிய பிறகு இந்த அறையில் தனியாக நான் சிரித்தது இன்றுதான்.

ஒரு சேதி. நம் பெயர்ப்பலகைக் கடை வாசலில் உன் பெயரை வைக்கப் போகிறேன், உள்ளே விளக்கெரியும் முப்பரிமாண எழுத்தில். "என் பேரெல்லாம் வேணாம்டி, கண்ணு பட்டுடும்" என்று எத்தனை முறை மறுத்திருப்பாய்! இப்போது என்ன செய்கிறாய் என்று பார்க்கிறேன். ஆனால் கம்ப்யூட்டரில் படம் படமாகச் சேர்த்தும் ஒரு எழுத்துகூட உன்னைப் போல வரமாட்டேன் என்கிறது. அதுதான் தவிப்பாக இருக்கிறது.

நீ படங்களை நம்பியதே இல்லை. "எழுத்துக்கு மூஞ்சி மட்டும் இல்லடி, விலாவும் இருக்கு. கையில படணும்" என்பாய். வலங்கைமான் அரிசி ஆலைக்கு எழுத்து வடிவமைத்தபோது பலகையெல்லாம் உமி. கூட்டிப் பெருக்கியது யார்? நான்தான்.

திருவையாற்று மிட்டாய்க் கடை நினைவிருக்கிறதா? நமக்கு வந்த முதல் பெரிய வேலை. அது கைநழுவினால் சென்னைக்கு வேலைக்குப் போய்விடு என்று எங்கள் வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். நீ பலகையில் பட்டுத்துணி, பித்தளைத் துண்டு எல்லாம் குத்தி, நடுவில் பட்டர் பேப்பரில் வைத்து அசோகா அல்வாவையே குத்தினாய். கடைக்காரர் வந்தார். சுற்றிலும் பார்த்தார். அல்வாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இது நம்ம கடைது இல்லையேம்மா!"

அன்று அவர் கடைக்கு விடுமுறை என்று நீ எதிர்க்கடையில் வாங்கியிருக்கிறாய்! எனக்குக் கண்ணில் சென்னை ரயிலே தெரிந்தது. நீ அசரவில்லை.

"ஆமாங்க. உங்க கடைதுன்னா போர்டு வரைக்கும் வந்திருக்காது. பஸ்லயே நான் தின்னு முடிச்சிருப்பேன்."

மனிதர் புரையேறச் சிரித்தார். பேப்பரில் மிச்சமிருந்த மினுமினுப்பைக் காட்டி, "இது எழுத்துல வருமா?" என்று கேட்டார். "வரும்ங்க" என்றாய் சட்டென்று. வரவழைக்க வேண்டிய நான் திருதிருவென்று விழித்தேன். ஆனால் வந்தது. ஓரம் மழுங்கி, விலா உருண்டு, நெய் வழிவதைப் போன்ற ஆரஞ்சு எழுத்துகள். பிசுபிசுக்கிறதா என்று குழந்தைகள் இன்றும் தொட்டுப் பார்க்கிறார்கள்.

உன் பெயரை வைக்கும் விஷயத்தை அவரிடம் போனில் சொல்லியிருந்தேன். இன்று மதியம் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"இந்தத் தடவ நம்ம கடைதும்மா. தைரியமா குத்துங்க."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் போனதும் கம்ப்யூட்டரை அணைத்தேன். உன் உம்மா கொடுத்தனுப்பிய நீல முக்காட்டுத் துணியைப் பலகையில் விரித்தேன். நாகூர்க் கடற்கரையில் நீ பொறுக்கிய கிளிஞ்சலைக் கண்ணை மூடித் தடவினேன். வெளியே சொரசொரப்பு, உள்ளே வழவழப்பு. உன் பெயருக்கு விலா கிடைத்துவிட்டது! விளக்கொளி அந்த வழவழப்பிலிருந்து கசிந்தால் போதும்.

கடைசியாக அசோகா. பாதியைத் தின்றுவிட்டேன், திட்டாதே. மீதியைக் குத்த வேண்டும். மேசையில் குண்டூசி டப்பா திறந்தே கிடந்தது. என் கையோ நேராகத் தலைக்குப் போய் ஊசியைத் தேடியது. நான் எந்தக் காலத்தில் முக்காடு போட்டேன், சொல்லு!