நூற்றிருபது வோல்ட்

ஜூன் 7, சனி

துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாக மின்பகுதி மேற்பார்வையாளன். புதிதாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் நான்தான். அந்தப் பெரிய மனிதன் இன்று காலை செய்த வேலை: ரொறொன்ரோவிலிருந்து தங்கை கௌசிகா கப்பலில் அனுப்பிய வால்வு அம்பிளிபயரை நேரே சுவர்ப் பிளக்கில் கொளுவினான். அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. பியூஸ் போனது. 'பியூஸ் போனால் காரணத்தைத் தேடு, கம்பி வைக்காதே' என்று பலகையில் எழுதிப் படிப்பிக்கிறவன், செப்புக் கம்பி ஒன்றை முறுக்கி வைத்துத் திரும்பக் கொளுவினான். வெடி, புகை. வீட்டு மெயின் சுவிட்சும் விழுந்தது.

தயாளினி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நீங்கள்தானே படிப்பிக்கிறனீங்கள்?" என்றாள். மனைவியல்லவா, அதோடு விட்டுவிட்டாள்.

அது கௌசிகாவின் கணவர் சுகிர்தன் தன் கையால் செய்த பெட்டி. போன ஒக்டோபரில் அவர் செத்துப்போனார்.

ஜூன் 8

கௌசிகா போன் எடுத்தாள். "பாட்டுப் போட்டுப் பாத்தனீங்களோ அண்ணா?"

"இன்னும் பார்சல் உடைக்கேல்லையம்மா."

எட்டு மாதமாக அவள் குரலில் உயிரே இல்லை. எப்படிச் சொல்ல? அந்த மனுசன் விட்டிட்டுப் போனதை உன்ர அண்ணன் கம்பித்துண்டால கொளுத்திப்போட்டான் எண்டோ?

ஜூன் 12

தயாளினி: "அஞ்சு நாளா ஒரு பார்சல் உடைக்கேலாத ஆளெண்டு அவள் நம்புவாளோ?"

ஜூன் 14, சனி

அம்பிளிபயரின் அடித்தகட்டைக் கழற்றினேன். உட்பக்கத்தில் சுகிர்தனின் கையெழுத்தில் ஒரு கடதாசி.

"மச்சான், இது 120 வோல்ட். நேர கொளுவாதேங்கோ. நீங்கள் திறந்து பாக்காமல் கொளுவ மாட்டீங்கள், அதாலதான் உள்ளுக்க ஒட்டுறன்."

நோய் வருத்தத்தில் படுத்திருந்த நாட்களில் எழுதியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

பிறகு மீற்றரை எடுத்தேன். மூன்று பெரிய கப்பாசிட்டர்கள். ஒன்று தலை வீங்கி வெடித்து, முழு ஷோட். அடுத்ததில் 47 என்று எழுதியிருக்கிறது, மீற்றர் 9 காட்டுகிறது. மூன்றாவது சரி.

ஜூன் 15

றேடியோ திருத்தும் ஜவாஹிர் நானாவிடம் போனேன். "பியூசுக்கு என்ன போட்டீங்க சேர்?" என்று கேட்டார். இருமினேன். அவருக்கு விளங்கிவிட்டது. கப்பாசிட்டர் மூன்றுக்குக் கொழும்பில் சொல்லிவிட்டார். இரண்டு போதும் என்றேன். "மூண்டாவது இரிக்கட்டும்" என்றார்.

ஜூன் 21, சனி

இரண்டையும் மாற்றினேன். இந்த முறை ஒழுங்காக, வேலைத்தளத்து 110 வோல்ட் ரான்ஸ்போமர், இடையில் ஒரு குண்டு பல்ப். கோளாறு இருந்தால் பல்ப் எரிந்து காட்டிக்கொடுக்கும். எரிந்தது, முழு வெளிச்சமாக. மூன்றாவது கப்பாசிட்டரின் ஒரு காலைக் கழற்றினேன், மங்கியது. மீற்றருக்கு நல்ல பிள்ளை, வோல்ட் ஏறினால் கைவிடுகிற சாதி. எனக்கு உறவாக இருக்கும்.

அதையும் மாற்றினேன். வால்வுகள் மெல்லச் சிவந்தன. பாட்டு வந்தது — வந்தே விட்டது.

இப்போது சொல்லாமலே விடலாம். கௌசிகாவுக்குத் தெரியவே வராது.

ஜூன் 22

ஏலாது. விடிந்ததும் கௌசிகாவுக்குப் போன் எடுத்தேன். பிளக், கம்பி, பொய், கடதாசி — எல்லாம் சொன்னேன்.

சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள், நடுவில் அழுதாள், திரும்பச் சிரித்தாள்.

"கம்பியோ அண்ணா? நீங்களோ?"

தயாளினி அகப்பையோடு வந்து பக்கத்தில் நின்று கேட்டாள்.

ஜூன் 29

கௌசிகாவே எடுத்தாள். பக்கத்தில் இரண்டு சிநேகிதிகளாம், போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாளாம். "முதலிலயிருந்து சொல்லுங்கோ அண்ணா."

சொன்னேன். இந்த முறை கம்பியை இரண்டு தரம் வைத்ததாகச் சொன்னேன்.