ஆறு தடவை கழிப்பறை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம்தானே? உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

பாப்பாவின் மருத்துவப் படிப்பு விண்ணப்பத்தில், குடும்பத் தலைவன் என்ற கெத்தில் என் கைப்பேசி எண்ணைக் கொடுக்கச் சொன்னேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதில் வரும் ஓடிபி ஐந்து நிமிடத்தில் செத்துவிடுகிறது. இந்த வெளிநாட்டுக் கம்பெனியிலோ வேலை நேரத்தில் கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிடுவார்கள். வேலை முடிந்து நான் வெளியே வரும்போது அங்கே நெட் சென்டரும் மூடி, நீங்களும் தூங்கிவிடுகிறீர்கள்.

நேற்று கழிப்பறைக்கு என்று சொல்லிவிட்டு ஆறு தடவை லாக்கருக்கு ஓடினேன். ஆறும் வீண். சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, கூச்சப்படாம டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று மாத்திரை கொடுத்தான். மகள் டாக்டராவதற்குள் அப்பன் நோயாளி!

நாளை கடைசி நாள்; அதனால்தான் தபாலில் போடாமல் வாட்ஸ்அப்பில் எழுதுகிறேன். நெட் சென்டர்காரரிடம் கெஞ்சியாவது, இங்கே பன்னிரண்டரை ஆகும்போது பாப்பாவை உட்கார வை. சாப்பாட்டு இடைவேளையில் கைப்பேசியோடு நிற்பேன். ஓடிபியைச் சொன்னதும் போனை வைத்துவிடாதே. இடைவேளை அரைமணி நேரம்; எனக்குச் சாப்பிடப் பத்து நிமிடம் போதும்.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் வயிற்றுப்போக்குக்காரன்