பின்னால் நிற்பவள்

வோர்கும்,
8 பிப்ரவரி 1998

என் செல்ல மகள் நின்கேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீயும் மாத்யாஷும் சுகமாக இருக்க வேண்டும், உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். உன் புத்தாண்டு வாழ்த்து அட்டையை வாசலிலேயே நின்று படித்தேன். ஜூன் நடுவில் பிள்ளை பிறக்கும் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். கோட்டைக்கூடக் கழற்றாமல் அங்கேயே அழுதுவிட்டேன். அட்டையை அப்பாவின் கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். இறங்கி வந்தபோது அது இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. படித்தீர்களா என்று கேட்டால், "காத்துல நகந்திருக்கும்" என்கிறார். இந்தக் குளிரில் ஜன்னல் எல்லாம் இறுக்கிச் சாத்தியிருக்கிறது, காற்று எங்கிருந்து வருமாம்!

ஜனவரி பிறந்தால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். மேசை விரிப்பு போய் வரைபடம் வந்துவிட்டது. அதன்மேல் தட்டு வைக்கக் கூடாது, கோப்பை வைக்கக் கூடாது. நாங்கள் இருவரும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். இந்தக் கோடைக்கு பெல்ஜியம், லக்சம்பர்க், பிரான்ஸ் என்று முடிவாகியிருக்கிறது. உலகக் கோப்பைக் கால்பந்து பிரான்ஸில் நடப்பதால் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நம் நாட்டு அணியின் ஆரஞ்சுச் சட்டை வாங்கியாகிவிட்டது. காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற நம் கேரவன் வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு சின்ன தொலைக்காட்சிப் பெட்டியும் வாங்கியாகிவிட்டது. இப்போது கேரவன் ஜன்னலுக்கு ஆரஞ்சுத் திரை வேண்டுமாம். வயது அறுபத்து நாலு ஆகிறது. நானும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கேரவனின் பின்மூலையில் அன்றைக்கு இடித்து நசுங்கிய அந்தப் பள்ளம் அப்படியே இருக்கிறது. நாலு வருடமாகச் சரிசெய்ய விடவில்லை. போன கோடையில்கூட, விடுமுறைக்குக் கேரவன்கள் வந்து தங்கும் முகாமில் பக்கத்து இடத்துக்காரர்களைக் கூப்பிட்டு, "என் பொண்ணு கூட்டிட்டு வந்த பையன் பண்ணின வேலை இது, பாருங்க" என்று தடவித் தடவிக் காட்டினார். அந்தப் பையனுக்குப் பெயர் இல்லை அவருக்கு. அன்றைக்கு மாத்யாஷைப் பார்த்து அவர் கேட்டதை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாதவன் ஒரு குடும்பத்தை எப்படி முன்னால் கொண்டுபோவான் என்று, முகாமே நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கையில் கேட்டார். நீ சாயங்காலமே உன் கூடாரத்தைப் பிடுங்கிக்கொண்டு மாத்யாஷோடு கிளம்பிவிட்டாய். உன் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. அவர் வரவில்லை என்பதால் நானும் வரவில்லை. அது என் தப்பு, நின்கே.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். பிரான்ஸ் வரைக்கும் போகிற வண்டி நீங்கள் இருக்கும் ஸ்லோவேனியாவுக்கு வரக் கூடாதா? நம் ஊரில் பெற்ற மகள் வீட்டுக்குக்கூட நாள் கேட்டு, காப்பி வேளையா சாப்பாட்டு வேளையா என்று கேட்டுத்தான் போவார்கள். அதனால் கேட்கிறேன், வரலாமா? நீ சரி என்று மட்டும் எழுது. அந்த மனிதரை எப்படித் திருப்புவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

தொலைபேசி கூடத்தில் இருக்கிறது, பேசினால் அவருக்கு எல்லாம் கேட்கும். எனக்குக் குரல் வேறு உடைந்துபோகும். அதனால் கடிதமே எழுது. கனமான எதையும் தூக்காதே. மாத்யாஷுக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
அம்மா


வோர்கும்,
19 ஏப்ரல் 1998

அன்புள்ள நின்கே,

உன் பதில் வந்தது. நாலே வரி. நான் மட்டும் என்றால் எந்த நாளிலும் வரலாம், அப்பாவும் வருவதென்றால் முதலில் மாத்யாஷிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வாசலைத் திறக்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். கோபத்திலும் உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? இருவரும் ஒரே அச்சு. நடுவில் நான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

ஆனால் இங்கே நடப்பதைக் கேள். போன மாதம் ஒரு நாள் காலையில் எழுந்து வந்து பார்த்தால், வரைபடத்தில் பிரான்ஸுக்குப் போன பென்சில் கோட்டை அழித்திருக்கிறார். ஏன் என்றேன். "இந்த வருஷம் பிரான்ஸ்ல மனுஷன் கால் வைக்க முடியாது. எங்க பாத்தாலும் பந்தாட்டப் பைத்தியங்களா இருக்கும்" என்கிறார். இதைச் சொல்லும்போது அவர் உடம்பில் அந்த ஆரஞ்சுச் சட்டை இருக்கிறது! சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

புதுக் கோடு ஜெர்மனி வழியாக இறங்கி ஆஸ்திரியாவுக்குள் போகிறது. வில்லாக் ஊரில் வந்து நிற்கிறது. அதற்கு அப்புறம் எங்கே என்று கேட்டேன். "அப்புறம் என்ன, ரோடு போற பக்கம் போறது" என்றார். வில்லாக்கைத் தாண்டி மலைச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் உங்கள் நாடு. முப்பது வருடமாக அவருக்கு வரைபடம் பார்த்து வழி சொல்கிறவள் நான், எனக்கு அது தெரியாதா? அவருக்கும் எனக்குத் தெரியும் என்று தெரியும். இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத மாதிரி ரொட்டி சாப்பிட்டோம்.

இன்னொன்று. கேரவனின் பள்ளத்தைச் சரிசெய்துவிட்டார். இரண்டு சனிக்கிழமை, காலையிலிருந்து சாயங்காலம் வரை, தகரத்தை உள்ளேயிருந்து தட்டி, பூசி, தேய்த்து, வெள்ளை அடித்தார். நானாகக் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். மலைக்காற்று பள்ளத்தில் பட்டால் விசில் அடிக்குமாம், தூக்கம் வராதாம். நாலு வருடமாக அடிக்காத விசில்!

ஏன் இப்படி மாறினார் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். தெரியும். அதை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அடுத்த முறை எழுதுகிறேன், அம்மாவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

வயிறு எவ்வளவு பெரிதாயிருக்கிறது என்று ஒரு புகைப்படம் அனுப்பக் கூடாதா? மாத்யாஷை எடுக்கச் சொல். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவனுக்கு உன்னை அசையாமல் நிற்க வைக்கத் தெரியாமலா போகும்?

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா


வோர்கும்,
2 ஜூன் 1998

என் கண்ணே நின்கே,

புகைப்படம் வந்தது. அதன் பின்பக்கம் நீ எழுதியிருந்ததும் வந்து சேர்ந்தது. பள்ளத்தைப் பூசினால் போதாது, அப்பா வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதத்தை நீ உட்கார்ந்து படி. உன்னிடம் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்.

அன்றைக்கு முகாமில் மாத்யாஷ் வண்டியைப் பின்னால் எடுத்தபோது, பின்னால் நின்று கைகாட்ட வேண்டியது யார்? நான். எல்லா வருடமும் அது என் வேலைதானே. வண்டி ஓட்டுகிறவருக்குக் கேரவனின் பின்மூலை தெரியாது, நான் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர்க் குழாய் இருந்த கல்தூண் எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து, எதிர்க் கூடாரத்துப் பெண்மணி இந்தத் தொப்பியை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். நான் திரும்பி, தொப்பியைக் கழற்றி, உள்ளே இருக்கும் துணியை அவளுக்குக் காட்டிக்கொண்டு நின்றேன். இடித்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

மாத்யாஷ் என்னைப் பார்த்தான், நின்கே. வண்டிக் கண்ணாடியில் அவன் கண்ணும் என் கண்ணும் நேருக்கு நேர் பார்த்தன. தொப்பி என் கையில் இருந்தது. அப்பா அத்தனை பேர் முன்னால் அவனை அப்படிக் கேட்டபோது, "உங்க மனைவி கைகாட்டவே இல்லையே" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டான், சொல்லியிருந்தால் இந்த நாலு வருடக் கோபம் என் பக்கம் திரும்பியிருக்கும். நானும் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்குப் பயம், மறுநாள் வெட்கம், அப்புறம் நாள் ஓடிப்போய்விட்டது. என் தப்புக்காக நீயும் உன் புருஷனும் நாலு வருடம் வெளியே நின்றிருக்கிறீர்கள்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்து அப்பா கூடார முளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கையிலிருந்த வளைந்த முளையை ரொம்ப நேரம் நிமிர்த்திக்கொண்டே இருந்தார். "அவன் ஏன் சொல்லல?" என்றார். உங்களைவிடவும் என்னைவிடவும் அவனுக்குப் பெரிய மனசு, அதுதான் என்றேன். "ஊர்ல ஒருத்தன் பாக்கி இல்லாம அந்தப் பள்ளத்தைக் காட்டிட்டு இருந்தேனே!" என்று எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் காலையில்தான் வரைபடத்தில் பிரான்ஸ் கோடு அழிந்திருந்தது.

போன வியாழக்கிழமை கேரவனுக்குச் சாமான் ஏற்றி, ஜல்லிக் கிடங்கு வைத்திருக்கும் டூவேயின் எடை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனோம். ஏற்றலாம் என்று சட்டம் விடுகிற எடையைவிட முப்பத்தெட்டு கிலோ அதிகம். "என்ன ஷூர்ட், பொண்டாட்டியைக் கழட்டிவிட்டா சரியாயிடும்" என்று டூவே அப்பாவைக் கிண்டல் செய்தான். அப்பா சிரிக்கவில்லை. தன் மீன்பிடிச் சாமானை இறக்கினார். பீர் பெட்டியை இறக்கினார். மடக்கு நாற்காலியை இறக்கினார். இன்னும் ஒன்பது கிலோ இடித்தது. உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிவிடலாம் என்றேன், உருளைக்கிழங்கு விளையாத நாடா அது? "அது இருக்கட்டும். அந்த ஊர்க் கிழங்கை மசிச்சா பசை மாதிரி வருதாம். எழுதியிருந்தாளே" என்றார். பவ்க்யே சித்திக்கு நீ எப்போதோ எழுதியது! கிழங்கை வைத்துவிட்டு, அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியை இறக்கி டூவேயின் கையில் கொடுத்தார். உலகக் கோப்பை நடக்கிற கோடையில் உன் அப்பா தொலைக்காட்சி இல்லாமல் கிளம்புகிறார். டூவே பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய் நின்றான்.

பிள்ளை பிறந்தால் ரஸ்க்கில் தூவுகிற சோம்பு மிட்டாயும் வாங்கி வைத்திருக்கிறார். பெண் என்றால் தூவ ரோஸ் ஒரு டப்பா, ஆண் என்றால் தூவ நீலம் ஒரு டப்பா. எது தேவைப்படும் என்று தெரியாதாம்.

நேற்றுக் கழிப்பறையைச் சுத்தம் செய்யும்போது, நம் ஊர் வழக்கப்படி அங்கே தொங்குகிற, வீட்டாரின் பிறந்தநாள்களைக் குறித்துவைக்கும் நாட்காட்டியில் புதுத் தாளைத் திருப்பினேன். அக்டோபர் தாள் நழுவி விரிந்தது. நாலாம் தேதியில், அப்பாவின் கொட்டை எழுத்தில், மாத்யாஷ் என்று இருக்கிறது. "வீட்டு ஆளுங்க பேருதான் அதுல இருக்கணும்" என்று அவன் பெயரை எழுதவிடாமல் நாலு வருடம் என்னைத் தடுத்தவர்! பவ்க்யே சித்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தேதியைக் கேட்டிருக்கிறார், நான் கடைக்குப் போன நேரத்தில். என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினாராம். அவள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்பாரா என்றால், எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை, மகளே. அவர் வாய்க்குப் பழகாத வார்த்தை அது. ஆனால் நேற்று இரவுச் சாப்பாட்டின்போது அவராகவே ஒன்று சொன்னார். "அவங்க வீட்டுச் சந்து குறுகலா இருக்கும். மாத்யாஷே ரிவர்ஸ் எடுக்கட்டும்" என்றார். அவன் பெயரை இவர் வாயால் நேற்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். முகாமில் இடித்த நாளுக்குப் பிறகு வண்டிச் சாவியை யாரையும் தொடவிடாத மனிதர் இவர்.

வருகிற பதினாறாம் தேதி கிளம்புகிறோம். இருபதாம் தேதி வில்லாக் போய்விடுவோம். முகாமின் முகவரியைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். ஜூன் 22, திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்குக் காப்பி குடிக்க வரலாமா? வேண்டாம் என்றால் முகாமுக்கு ஒரு வரி எழுதிவிடு, உருளைக்கிழங்கையும் இரண்டு டப்பாவையும் தபாலில் அனுப்பிவிட்டுத் திரும்பிவிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது உனக்கு வலி எடுத்திருக்குமோ என்னவோ. கடவுள் உன்னையும் பிள்ளையையும் காக்கட்டும். மாத்யாஷிடம் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டு.

தொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன். அவன் வண்டியைப் பின்னால் எடுக்கட்டும், நான் பின்னால் நிற்கிறேன். இந்தத் தடவை யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

உன் அம்மா