ஆறின புண், ஆறாத வலி

தென்னூர்,
05.07.2024

அன்புள்ள லிசி,

நீ கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போய், என் நம்பரை பிளாக் பண்ணி இன்னைக்கு ஒன்பதாவது நாள். அதனாலதான் தபால்.

உன் தம்பி ஆஸ்டின் கல்யாணத்துக்கு நான் வராதது தப்புதான். புதுச் சட்டையெல்லாம் போட்டுக் கிளம்பினேன். வாசல் தாண்டுறதுக்குள்ள வலி வந்துடுச்சு. போன வருஷம் பெருங்குடல்ல புண்ணு இருந்தப்ப வந்த அதே வலி. ஆனா கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னாடிதான் டாக்டர் டியூப் விட்டுப் பார்த்து, புண் முழுசா ஆறிடுச்சுன்னு சொன்னார். நீ நடிப்புன்னு சொன்னதுல ஆச்சரியமில்ல. நடிக்கிறேனோன்னு எனக்கே இப்ப சந்தேகம்.

மிக்ஸி மூடியை எங்க வெச்சே? ஒரு வாரமா இட்லிக்குச் சர்க்கரைதான்.

அன்புடன்,
பிரிட்டோ


மன்னார்புரம்,
09.07.2024

பிரிட்டோவுக்கு,

மூடி பிரிட்ஜ் மேல இருக்கு.

மண்டபத்துல "உன் வீட்டுக்காரர் எங்க?"ன்னு கேட்காத ஆளில்ல. நாலு பேருக்கு நாலு பொய் சொன்னேன். அடுத்து வலி வந்தா டாக்டருக்கு எழுதுங்க, எனக்கு வேண்டாம்.

லிசி


மன்னார்புரம்,
15.07.2024

அன்புள்ளவருக்கு,

எழுத வேண்டாம்னு சொல்லிட்டு நானே எழுதுறேன், சிரிக்காதீங்க. 'எனக்கே சந்தேகம்'னு எழுதியிருந்தீங்களே, அது என்னைத் தூங்க விடல. நேத்து ஸ்ரீரங்கம் போய் உங்க டாக்டர் தர்மராஜைப் பார்த்தேன். "புண்ணு ஆறிடுச்சுன்னா ஏன் சார் வலிக்குது?"ன்னு சண்டைக்கே போயிட்டேன்.

அவர் பொறுமையா சொன்னார்: "திருடன் வந்துட்டுப் போன வீட்டுல, அப்பறம் பூனை நடந்தாக்கூட முழிச்சுக்குவாங்கம்மா. மாசக்கணக்கா புண்ணு இருந்ததுல குடல் நரம்பு அப்படி ஆயிடுச்சு. கொஞ்சம் வாயு, கொஞ்சம் பதற்றம் போதும், மூளைக்கு வலின்னு சொல்லிடும். நிஜ வலிதான்." எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லையாம். நரம்பை அமைதிப்படுத்த மாத்திரை இருக்காம், மூச்சுப் பயிற்சியும் உண்டாம். மெதுவாத்தான் குறையுமாம்.

நடிப்புன்னு சொன்னதுக்கு மன்னிச்சிடுங்க. சனிக்கிழமை வரேன். இனிமே வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க, போதும். நிரூபிக்க வேண்டாம்.

உங்க,
லிசி


தென்னூர்,
17.07.2024

என் லிசிக்கு,

கடிதத்தை மூணு தடவை படிச்சேன். டாக்டர்கிட்டயே சண்டை போட்டியா? பாவம் மனுஷன்!

நீ பஸ்ல வராதே, நானே வந்து கூட்டிட்டு வரேன். ஆஸ்டினையும் புதுப்பொண்ணையும் பார்த்து நேர்ல மன்னிப்புக் கேட்கணும்.

இன்னைக்குச் சாயங்காலம் திரும்ப வலிச்சது. வழக்கம்போல பல்லைக் கடிச்சுக்கல. "வலிக்குது"ன்னு சத்தமா சொன்னேன். வீட்டுல யாருமில்ல. ஆனாலும் நல்லா இருந்துச்சு.

உன்,
பிரிட்டோ