ஒரே பள்ளிக்கூடம், இரண்டு திட்டம்

மார்ச் 4

வெள்ளத் திட்டத்தையும் தொற்றுக் காய்ச்சல் திட்டத்தையும் இன்றுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். வெள்ளம் வந்தால் மக்களைத் தங்கவைக்க மேட்டுத்தெருப் பள்ளிக்கூடம். காய்ச்சல் பரவினால் நோயாளிகளைத் தனியாக வைக்க — அதே மேட்டுத்தெருப் பள்ளிக்கூடம்! எழுதியது இரண்டு பிரிவு. கையெழுத்துப் போட்டது ஒரே துரை. எங்கள் சுகாதார அலுவலகத் தலைவருக்கு நான் வைத்த பெயர் அது. ஒத்திகையும் வேறு வேறு மாதத்தில் நடத்துகிறார்கள், பிறகு எப்படி உறைக்கும்?

மார்ச் 7

கூட்டத்தில் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணா வந்தா என்ன சார் பண்றது?"

"உன் வாயில நல்லதே வராதாம்மா?" என்றார் துரை.

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர்கூட. 

மார்ச் 19

நோயாளிகளுக்கு வேறு இடம் கேட்டு விளையாட்டு அரங்கத்துக்கு நானே போனேன். மேலாளர் தங்கமான மனுஷர். "உங்க தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டா போதும், சாவி ஒண்ணு உங்க ஆபீஸ்லயே இருக்கட்டும்" என்று கடிதமே எழுதிக் கொடுத்துவிட்டார். நூறு கட்டில் போடலாம்.

மார்ச் 20

கடிதத்தோடு துரையின் அறைக்குப் போனேன். வாயைத் திறக்கவில்லை, அதற்குள் வெளியாட்கள் இரண்டு பேர் முன்னால், "வந்துட்டாங்கய்யா நம்ம அபசகுனம்!" என்றார். கடிதம் கைப்பைக்குள் போய்விட்டது. சீ, என்ன மனுஷன்! இந்த ஆள்கிட்ட நான் கெஞ்சணுமா?

மார்ச் 22

"கொண்டுபோய் மேசைமேல வெச்சுட்டு வந்துடேன். உனக்கென்ன குறைஞ்சுபோச்சு?" என்கிறார் வீட்டுக்காரர்.

குறைஞ்சுதான் போச்சு. வரட்டும். ரெண்டும் சேர்ந்தே வரட்டும். அப்போ அந்த மூஞ்சிய நான் பாக்கணும்.

ஜூலை 30

காய்ச்சல் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பதினாறு பேர். இப்போதுகூடக் கொடுக்கலாம் என்று கடிதத்தை எடுத்தேன். துரை வராந்தாவில் எதிர்ப்பட்டு, "என்ன, இப்ப சந்தோஷமா?" என்றார்.

கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 9

ஆற்றோரத் தெருக்கள் முழுக்கத் தண்ணீர். சனம் மூட்டை முடிச்சோடு பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்கிறது. நடுவில் கயிறு கட்டிப் பிரித்தோம். இருமலுக்குக் கயிறு தெரியுமா?

அரங்க மேலாளருக்குப் போன் போட்டேன். "சாவி வீட்டுல மாட்டிக்கிச்சும்மா, இங்க இடுப்பளவு தண்ணி. நீங்க ஏன் வாங்கிட்டுப் போகவே இல்ல?" என்றார். இரும்புக் கதவு. பூட்டை உடைக்க நாளைக்குத்தான் ஆட்கள் வருவார்களாம். அதுவரை எல்லாரும் ஒரே கூரையின் கீழ்தான்.

ஆகஸ்ட் 17

தங்க வந்தவர்களில் ஒன்பது பேருக்குக் காய்ச்சல். தையல்காரரின் மனைவி காலையில் இறந்துபோனாள். அன்றைக்கு என் கையிலிருந்து போர்வை வாங்கிக்கொண்டவள். "நல்லா இருங்கம்மா" என்று சொன்னாள்.

சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 12

இன்று விசாரணை. துரை பாதியாக இளைத்திருந்தார். மழுப்புவார், பழியை என் தலையில் கட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன்.

"இந்தம்மா மார்ச் மாசமே சொன்னாங்க. நான்தான் கேலி பண்ணேன். தப்பு முழுக்க என்னுது" என்றார்.

விசாரணை அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உங்களால ஆனதெல்லாம் நீங்க செஞ்சீங்க, இல்லையாம்மா?"

"ஆமா சார்" என்றேன்.